வேடியப்பன் மாடும் என் தியானமும்

அன்பு மகள் மணிமொழிக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் இங்கே சுகம், அயர்லாந்துக் குளிரில் நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். கொல்லையில் மக்காச்சோளம் மட்டும் சுகமில்லை, அதற்குக் காரணம் உன் அப்பாவின் தியானம். போனில் சொன்னால் நீ சிரித்தே பாதியைக் கேட்க மாட்டாய், மீதியை உன் அம்மா குறுக்கே புகுந்து மாற்றிச் சொல்லிவிடுவாள், அதனால் எழுதுகிறேன்.

என் கோபத்துக்கும் பிரஷருக்கும் நல்லது என்று நீ சேர்த்துவிட்ட விபாசனா தியானக் குழுவில் தவறாமல் உட்கார்ந்து வருகிறேன். விடிந்ததும் சென்னை, கொழும்பு, கோலாலம்பூர் என்று எங்கெங்கோ இருப்பவர்கள் எல்லாம் போனில் கூடுவோம். முதலில் கண்ணை மூடி மூச்சைக் கவனிப்பது, பிறகு புத்தர் சொன்ன சூத்திரத்தில் கொஞ்சம் படித்துப் பேசுவது. நடத்துகிற அம்சவள்ளி அம்மா தஞ்சாவூரில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வேதனை என்றால் என்ன என்று ஒருநாள் என்னைக் கேட்டார், முட்டி வலி என்றேன். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். பாலி மொழியில் சுகம், துக்கம், இரண்டும் இல்லாதது என்று எல்லா உணர்வுக்கும் வேதனை என்றுதான் பெயராம். அப்படியானால் உன் குழம்பும் எனக்கு வேதனைதான் பாப்பாத்தி என்று உன் அம்மாவிடம் பாராட்டாகச் சொன்னேன். அன்று ராத்திரி எனக்கு வெறும் மோர்தான்.

வீட்டில் மிக்ஸி சத்தம் என்று கொல்லையில் மோட்டார் கொட்டகைக்குப் போய் உட்கார ஆரம்பித்தேன். போன செவ்வாய்க்கிழமை அம்சவள்ளி அம்மா, காதில் எது விழுந்தாலும் விரட்டாதீர்கள், சத்தம், சத்தம் என்று மனதில் குறித்துவிட்டு மூச்சுக்குத் திரும்புங்கள் என்றார். சரசரவென்று கேட்டது, குறித்தேன். நறநறவென்று கேட்டது, அதையும் குறித்தேன். முடிந்ததும், என் ஜென்மத்தில் இவ்வளவு அமைதியாக உட்கார்ந்ததில்லை என்று குழுவில் பெருமையாக வேறு சொல்லிவிட்டு வெளியே வந்தால், கதிர் பிடித்த சோளத்தில் ஒரு மூலையே மொட்டை. நடுவில் வேடியப்பனுடைய சினைமாடு நின்று அசை போடுகிறது. வேடியப்பன் கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்து பக்கத்துக் கொல்லையைக் குத்தகைக்குப் பார்க்கிறவன், அவனுக்கு இருப்பதே அந்த ஒரு மாடு. கயிற்ற அறுத்துக்கினு வந்துடுச்சிண்ணா, தெரியலண்ணா என்று ஓடி வந்தான். நான் விட்டேனா? மாட்டக் கட்டத் தெரியாதவனுக்கு மாடு இன்னாத்துக்குடா, உன் மாடு வயிறு வெடிச்சி சாவட்டும் என்று ஆரம்பித்து, உனக்கு எழுத முடியாததெல்லாம் பேசினேன். மூச்சு வாங்க நிறுத்தியபோது சட்டைப் பையிலிருந்து ஒரு குரல், தங்கதுரை ஐயா, மைக் திறந்திருக்கிறது என்றது. நம் ஊர்க் கெட்ட வார்த்தைகள் கோலாலம்பூர் வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டன.

மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது உன் அம்மா ஓடி வந்தாள். ஏங்க, வேடியப்பன் மாடு வயிறு உப்பிப் போயி மூச்சு வாங்கிக்கினு நிக்குது, அதுக்கு எதுனா ஆச்சின்னா உங்க வாயாலதான் ஆச்சி, எழுந்திருங்க என்றாள். உண்மையைச் சொல்கிறேன் மணி, எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். இத்தனை மாதம் கண்ணை மூடி உட்கார்ந்தவனுக்கு அதுதான் வந்தது. அது வந்ததை நான் பார்த்துவிட்டேன், பார்த்ததும் சோற்றை அப்படியே வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு ஓடினேன். மாட்டின் இடது பக்கம் தவில் மாதிரி வீங்கியிருந்தது. சங்கராபுரம் மாட்டு டாக்டருக்குப் போன் போட்டால் அவர் வெள்ளிமலையில் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தார். கிளம்பி வருவதற்குள் மேட்டில் முன்னங்காலை ஏற்றி நிறுத்துங்கள், எண்ணெய் ஊற்றுங்கள், இடது பக்கத்தை விடாமல் தேய்த்துக்கொண்டே இருங்கள் என்றார். அம்மா புதிதாக ஆட்டி வைத்திருந்த கடலை எண்ணெயை எடுத்து வந்தாள், வேடியப்பன் வாயைப் பிடித்துப் பதமாக ஊற்றினான், நான் தேய்த்தேன். காலையில் சாகச் சொன்ன மாட்டிடம், தாயே விட்டுவிடாதே என்று கெஞ்சிக்கொண்டே தேய்த்தேன். கடைசியில் விட்டது பார் ஓர் ஏப்பம், என் முகத்துக்கு நேராக. வேடியப்பன் உட்கார்ந்து அழுதுவிட்டான். உப்பிக்கினதும் உன்னத்தான் கூப்பிடணும்னு நெனச்சேண்ணா, காலு வர்லண்ணா என்றான். அவன் திருப்பித் திட்டியிருந்தால்கூட எனக்கு இப்படி உறுத்தாது. அப்புறம் டாக்டர் வந்து மருந்து கொடுத்தார், வயிற்றில் கன்றுக்கும் ஒன்றுமில்லை என்றார்.

மறுநாள் குழுவுக்குப் போக வெட்கப்பட்டு மோட்டாரைத் துடைப்பது போலப் பாசாங்கு செய்துகொண்டிருந்தேன். உன் அம்மாதான், நீங்க திட்டனதக் கேட்டவங்களுக்கு மாடு பொழச்சத யாரு சொல்றது என்று விரட்டினாள். போனால் வணக்கம்கூட இல்லை, எல்லோரும் மாடு எப்படி இருக்கிறது என்றுதான் கேட்டார்கள். சொன்னேன், அந்தச் சந்தோஷத்தையும் சேர்த்துச் சொன்னேன். அம்சவள்ளி அம்மா, இன்றைக்குப் பாடம் படிக்க வேண்டாம், இதுவே போதும் என்றார். இப்போது நான் கொட்டகையில் உட்காரும்போது வேடியப்பன் வரப்பில் வந்து நின்றுகொள்கிறான். நீ கண்ண மூடிக்கண்ணா, நான் பாத்துக்கறேன் என்கிறான்.

நைட் டியூட்டி முடிந்து வெறும் வயிற்றோடு படுக்காதே. பிரஷர் மாத்திரையை நான் நிறுத்தவில்லை, அதைப் பற்றிக் கவலை வேண்டாம். மூச்சைக் கவனி என்று உனக்குச் சொல்லும் யோக்கியதை எனக்கில்லை, சாப்பாட்டைக் கவனி. எந்தக் குறையும் இல்லாமல் நீ நிறைந்து வாழ இருவரும் வாழ்த்துகிறோம்.

என்றும் உன் நினைவாக,
அப்பா தங்கதுரை