மூன்று மில்லிமீட்டர் மரியாதை

அன்பான மாமாவுக்கு,

ஒரே வீட்டில் இருக்கும் மாமனாருக்கு மருமகள் கடிதம் எழுத வேண்டிய தேவை வருவதில்லை. அதனால் நான் உங்களுக்கு எழுதும் முதல் கடிதம் இதுதான். போனவர்கள் படிப்பார்கள் என்று நான் நம்புகிறவள் இல்லை. அது உங்களுக்கும் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன்.

நேற்று உங்கள் திதி. மாடியில் சோறு வைத்துவிட்டு உங்கள் பிள்ளை காக்கையைக் கூப்பிட்டுக்கொண்டே நின்றார். காக்கை வரவில்லை. இரண்டு புறாக்கள் வந்து தின்றுவிட்டுப் போயின. "நைனா வண்டி மாறி வந்துட்டாரு" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம்.

சேதி என்னவென்றால், நான் படிப்பை முடித்துவிட்டேன். பட்டம் கைக்கு வந்துவிட்டது. திருப்பதியில் ஒரு கண் மருத்துவமனையில், கண்ணாடி அளவெடுத்துக் கொடுக்கும் பிரிவில் வேலை. நம் புத்தூரில் காலேஜுக்குப் போன அதே காலை ரயில், ரேணிகுண்டாவில் அதே காத்திருப்பு. ஐம்பதை நெருங்கும்போது ஒருத்திக்கு முதல் வேலை கிடைத்தது போல இருக்கிறது. காலையில் கிளம்பும்போது மனசு லேசாக இருக்கிறது, மாமா. அதைச் சொல்ல இந்த வீட்டில் உங்களைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது.

நான் வேலை பார்த்த ஜூனியர் காலேஜ் மூடப்பட்டபோது எல்லோரும் டியூஷன் எடுக்கச் சொன்னார்கள். இருபது வருஷம் பிஸிக்ஸ் நடத்தியவள், வேறென்ன செய்வாள்? ஆப்டோமெட்ரி, அதாவது கண்ணாடி அளவெடுக்கும் பட்டப்படிப்பில் சேரப்போகிறேன் என்றதும் உங்கள் பிள்ளை, "நாப்பத்தஞ்சு வயசுல காலேஜா? பசங்க ஆன்ட்டின்னு கூப்பிடுவாங்க" என்றார். தெலுங்குப் பேப்பரை வழக்கம்போல வாய்விட்டுத் தமிழில் படித்துக்கொண்டிருந்த நீங்கள் நிறுத்தினீர்கள். "ஆன்ட்டியத்தான ஆன்ட்டின்னு கூப்புடுவாங்க? சேரட்டும் உடுடா" என்றீர்கள். அதோடு பேச்சு முடிந்தது.

ஆனால் அவர் சொன்னதிலும் தப்பில்லை. வகுப்பில் எல்லோரும் பதினெட்டு வயசு. பாடம் நடத்தும் மேடமே என்னைவிடப் பதினைந்து வயசு சின்னவர். கரும்பலகையில் ஒளிக்கதிர்களைக் கண்ணை மூடிக்கொண்டு வரைந்தவள் நான். காதில் மாட்டும் கம்பியைச் சூடுகாட்டி வளைக்கச் சொன்னால் உடைத்துவிடுவேன். இரண்டாம் வருஷத் தொடக்கத்தில் செய்முறைத் தேர்வொன்றில் தோற்றுப்போனேன். படிப்பை நிறுத்திவிடலாம் என்று சமையலறையில் உங்கள் பிள்ளையிடம் மெதுவாகத்தான் சொன்னேன். கூடத்தில் இருந்த உங்கள் காதில் அது விழுந்திருக்கும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

அந்தத் தை மாதம்தான் வீட்டில் ஒருவருக்கு அளவெடுத்துக் கண்ணாடி செய்துவரச் சொன்னார்கள். "எனக்குப் போடும்மா" என்று நீங்களே முன்வந்தீர்கள். மேலே தூரத்துக்கு, கீழே படிக்க என்று கோடு போட்ட கண்ணாடி. பவரை மருத்துவர் எழுதிக் கொடுத்துவிட்டார். அந்தக் கோடு எந்த உயரத்தில் வரவேண்டும் என்று குறிப்பது மட்டும் என் வேலை. வெறும் கண்ணாடி பொருத்திய ஃப்ரேமை உங்களுக்கு மாட்டிவிட்டு, கீழ் இமை வரும் இடத்தில் பேனாவால் ஒரு குறி வைக்கவேண்டும். அங்கிருந்து ஃப்ரேமின் அடிவரை எத்தனை மில்லிமீட்டர் என்று அளக்கவேண்டும். அவ்வளவுதான்.

நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்தீர்கள். நான் நின்றேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து உங்கள் எதிரில் நான் உட்கார்ந்ததில்லை. யாரும் உட்காராதே என்று சொன்னதும் இல்லை. சாமி, சகுனம், ஜாதகம் என்று எல்லாவற்றையும் கேள்வி கேட்ட நான் இதை மட்டும் கேட்கவே இல்லை. கால்கள் தாமாக நின்றன.

கண்ணாடி வந்ததும் போட்டுப் பார்த்தீர்கள். "எப்படித் தெரியுது மாமா?" என்றேன். "சூப்பரா கீது" என்றீர்கள். அந்த மாதம் நான் தேர்வில் தேறினேன்.

ஆடியில் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, "இந்தப் பொரட்டாசிக்கு நடக்கல, பஸ்சுல பூட்டு வந்துர்றேன்" என்றீர்கள். எங்களுக்குக் கல்யாணம் ஆன வருஷத்திலிருந்து அலிபிரி அடிவாரத்தில் தொடங்கித் திருப்பதி மலை ஏறாத புரட்டாசி உங்களுக்கு இருந்ததில்லை. எழுபத்துமூன்று வயசுக்கு நல்ல முடிவுதான் என்று நான் நினைத்தேன். வாய்விட்டும் சொன்னேன். அதைச் சொன்னபோது நீங்கள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அன்றைக்கே நான் யோசித்திருக்க வேண்டாமா?

ஆவணியில், கல்லூரிக்கு வந்திருந்த வயசான விவசாயி ஒருவருக்கு அளவெடுக்க என்னைக் கூப்பிட்டார் மேடம். வழக்கம்போல நான் நின்றுகொண்டு பேனாவை எடுத்தேன். மேடம் என் வெள்ளைக் கோட்டைப் பிடித்து இழுத்தார். "கூர்ச்சோண்டி அம்மா, கூர்ச்சோண்டி!" என்று தெலுங்கில் உட்காரச் சொல்லி ஒரு ஸ்டூலைக் காலாலேயே என் பக்கம் தள்ளினார். நான் உட்கார்ந்த பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "நீங்க நின்னா அவர் உங்களப் பாக்கக் கண்ணத் தூக்குவார். கண்ணு மேல போனா உங்க குறியும் மேல போகும். கோடு ஏறிடும். பெத்தவாள்ளு, பெரியவங்கன்னு நீங்க காட்டுற கௌரவத்துக்கு, படி எறங்கும்போது விழறது அவரு."

படிக்கிற பகுதி மேலே ஏறிவிட்டால், காலடியில் இருக்கும் படியை அதன் வழியாகத்தான் பார்க்கவேண்டிவரும். அது கை தூரத்துக்கான கண்ணாடி. படி மங்கலாகவும் பெரிதாகவும் தெரியும். இதையெல்லாம் நான் பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியிருந்தேன். அன்று ரயிலில் எனக்கு உட்கார இடம் கிடைத்தது. உட்காரப் பிடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது நீங்கள் மாடிப்படியில் சுவரைப் பிடித்து இறங்கிக்கொண்டிருந்தீர்கள். கண்ணாடி சட்டைப்பையில் இருந்தது.

"மாமா, கண்ணாடி ஏன் பையில இருக்கு?"

"எறங்கறதுக்கு இன்னாத்துக்கும்மா? நம்ம ஊட்டுப் படி எனக்குத் தெரியாதா?"

"போட்டா படி எப்படித் தெரியுது?"

கடைசிப் படியில் நின்றீர்கள். "கொஞ்சம் எகிறிக்கினு வருது. பழகிடும்."

"எப்பலேர்ந்து?"

"நீ குடுத்த அன்னிக்கிலேர்ந்துதான்."

"ஏழு மாசமாவா? விழுந்திருந்தா?"

"விழுந்தா இன்னா? புத்தூர்லதான கீறோம். ஊரு ஒலகமே ஒடஞ்ச கால எடுத்துக்கினு இங்கதான் வருது. நமக்கு நடந்து போற தூரம், கட்டு கட்டிக்கினு வந்துடலாம்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நீங்கள் சொன்னது அப்படியே காதில் இருக்கிறது. "மொத கண்ணாடியே தப்புன்னா நீ படிப்ப உட்டுட்டிருப்ப. மலைக்கு பஸ்சு கீது. இதுக்கு இன்னா கீது?"

உள்ளே போய் ஸ்கேலும் பேனாவும் எடுத்துவந்தேன். நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்தீர்கள். நான் இன்னொரு நாற்காலியை உங்கள் எதிரில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். உடனே நீங்கள் எழுந்துவிட்டீர்கள்!

"மாமா, எழுந்திருக்காதீங்க."

"நீ உக்காந்துட்ட, நான் எதுக்கு எழுந்தேன்னு எனக்கே தெரியலம்மா."

அந்த நேரம் பார்த்து உங்கள் பிள்ளை உள்ளே வந்தார். வாசலிலேயே நின்றார். "இன்னா நைனா, இன்டர்வியூவா?" என்றார். "ஆமாடா, பெயிலாயிட்டேன்" என்று உட்கார்ந்தீர்கள்.

அன்றைக்குத்தான் உங்கள் கண்களை நேராகப் பார்த்தேன். கருவிழியைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஒரு வளையம். இடது இமை வலதைவிடக் கொஞ்சம் தாழ்ந்திருந்தது. இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் எனக்கு இது தெரியாது. புதிய குறி பழையதைவிட மூன்று மில்லிமீட்டர் கீழே வந்தது. நான் உங்களுக்குக் காட்டிவந்த மரியாதையின் உயரம் அவ்வளவுதான், மாமா. அதற்கு நீங்கள் ஏழு மாதம் சுவரைப் பிடித்து நடந்தீர்கள். எத்தனை முறை தடுக்கியது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பீர்களா?

அந்தப் புரட்டாசியில் புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு, உங்கள் பிள்ளை முன்னால் போக, மலை ஏறினீர்கள். வேண்டுதல் எதுவும் இல்லாத நான் உங்களுக்கு இரண்டு படி பின்னால் வந்தேன், விழுந்தால் பிடிக்க. பாதி வழியில் நின்று திரும்பிப் பார்த்து, "படி படியாவே கீதும்மா" என்றீர்கள். எனக்கு மூச்சு வாங்கியது. பரீட்சை முடிவு பார்த்த மாதிரி இருந்தது என்று இப்போது சொல்கிறேன்.

அடுத்த வருஷம் மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டீர்கள். இறுதித் தேர்வை நீங்கள் பார்க்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவருக்கு நான் அளவெடுத்துக்கொண்டிருந்தேன். மதிப்பெண் போட வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், நரைத்த பெரியவர், அறைக்குள் நுழைந்தார். எல்லோரும் சடாரென்று எழுந்தார்கள். என் பேனா கண்டக்டரின் இமைக்கு நேராக இருந்தது. நான் எழவில்லை. காது சுட்டது. தேர்வாளர் என் அருகில் வந்து, குறியைப் பார்த்தார், ஸ்டூலைப் பார்த்தார். "எழுந்திருக்கத் தோணலையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். "தோணுச்சு சார். எழுந்தா இவர் கண்ணும் என்னோட எழுந்துடும்" என்றேன். அவர் தாளில் எதையோ எழுதிக்கொண்டு அடுத்த மேஜைக்குப் போனார். கண்டக்டர்தான் குனிந்து, "பாஸ் ஆயிடுவம்மா, அவர் முகத்தப் பாத்தேன்" என்றார். ஆனேன்.

ஒன்றை மறைக்க விரும்பவில்லை. அன்று உங்கள் எதிரில் உட்கார்ந்தேனே தவிர, மறுநாள் காபி கொடுத்துவிட்டு மறுபடி நின்றுகொண்டுதான் பேசினேன். கடைசிவரை அப்படித்தான். நீங்களும் கவனிக்காதது போல இருந்துவிட்டீர்கள்.

மலை உச்சியில் உங்கள் பிள்ளை எடுத்த படத்தைத்தான் சட்டம் போட்டு வைத்திருக்கிறோம். அதில் இரண்டாவது கண்ணாடி போட்டிருக்கிறீர்கள். எல்லோர் வீட்டிலும் போல வாசல் நிலைக்கு மேலே, முன்பக்கம் சாய்த்து மாட்டியிருந்தது. நேற்று திதி முடிந்ததும் அதை இறக்கி மாட்டச் சொன்னேன். "கும்புடற படத்த யாராவது கீழ மாட்டுவாங்களா?" என்றார் உங்கள் பிள்ளை. "நான் நாற்காலில உக்காந்தா என் கண்ணுக்கு நேரா வரணும்" என்றேன். அவர் போய்த் துளைபோடும் மெஷினை எடுத்துவந்தார்.

உட்கார்ந்து பார்த்தேன். சரியான உயரம். இடது இமை கொஞ்சம் தாழ்ந்துதான் இருக்கிறது.

மாமா, எங்கள் மருத்துவமனை வாசலில் மூன்று படிகள் இருக்கின்றன. நான் கண்ணாடி மாட்டிவிடும் எந்தப் பெரியவரும், "சூப்பரா கீது" என்று எத்தனை முறை சொன்னாலும், என் எதிரில் அந்த மூன்று படிகளை இறங்கி ஏறிக் காட்டாமல் வீட்டுக்குப் போகமாட்டார். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

இனி உங்கள் எதிரில் உட்கார்ந்தே பேசப்போகும்
உங்கள் மருமகள்
கோமதி