முடக்கில் நிற்கும் தென்னை

ஜூன் 2

பஞ்சாயத்து ஆள் வந்து, ரோடு மடங்கித் திரும்பும் எங்கள் முடக்கில் சுண்ணாம்புக்கோடு போட்டுவிட்டுப் போனான். கோடு என் மதிலுக்கு உள்ளே, மூலைத் தென்னையையும் தாண்டி நிற்கிறது. யாரைக் கேட்டு? சாயங்கால மழையில் அழிந்துவிட்டது. மழைக்காவது என் மேல் கொஞ்சம் மரியாதை.

ஜூன் 5

வார்டு மெம்பர் லிஷா வந்தாள். மலையாளத்தில் தொடங்கி, என் முகத்தைப் பார்த்துத் தமிழுக்கு மாறினாள். வளவை நிமிர்த்துகிறார்களாம். மற்றவர்களெல்லாம் பூமி விட்டுக்கொடுத்துவிட்டார்கள், மதிலைப் பஞ்சாயத்தே கட்டித் தரும், சார் மட்டும்தான் பாக்கி.

அவர்களுக்கு வளவு என்றால் ரோட்டு வளைவு. நான் படித்த தமிழில் வளவு என்றால் வீட்டு மனை. அவர்கள் வளவு நிமிர என் வளவு வேண்டும். சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அது அப்பாவை எரித்த இடம், அந்தத் தென்னை அங்கே நட்டது என்றேன். எழுந்துவிட்டாள். இந்த ஊரில் அதற்குமேல் யாரும் பேசமாட்டார்கள்.

ஜூன் 9

தம்பி அஜேஷின் வீடு முடக்கு கழிந்து உள்ளே. அப்பா செத்ததிலிருந்து எங்களுக்குள் பேச்சில்லை. மார்ச்சில் அவன் மனைவி பிந்துவுக்கு வலது கையும் காலும் முடங்கிவிட்டன. முடங்கிய நோயாளிகளுக்கான பாலியேட்டிவ் வண்டி முடக்கில் திரும்பாது. அவளைப் பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்து, அஜேஷும் பக்கத்து வீட்டு நிஜினும் தூக்கி வருகிறார்கள். என் ஜன்னலுக்கு நேர் கீழே இறக்கிவைத்து மூச்சு வாங்குகிறார்கள். வேறு இடமே இல்லையா?

இன்று மழை. பிந்து இடது கையால் குடை பிடித்திருந்தாள். தனக்கல்ல, அஜேஷின் தலைக்கு.

என் மனைவி லேகா டீயைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்தாள். “நாம பாத்துட்டே இருப்போம்” என்றாள்.

ஜூன் 13

முடக்கு. காலையிலிருந்து இந்தச் சொல் மண்டைக்குள் சுற்றுகிறது. பஸ்ஸில் ‘முடக்கில எறங்கணும்’ என்றால் என் வீடு. வைத்தியனிடம் அது வாதம். பணிமுடக்கு என்றால் அன்றைக்கு பஸ்ஸே ஓடாது. மலையாளத்துக் கடைக்காரனுக்கு அவன் போட்ட முதலும் முடக்கு. கல்யாணத்தை முடக்கினவன் என்று பெயர் எடுத்தால் அவனுக்கு ஊரில் பச்சைத் தண்ணீர் கிடைக்காது. நேராகப் போன ஒன்று மடங்கி நிற்கிறது — எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது அவ்வளவுதான்.

டீக்கடையில் செல்லையன் என்னைக் கண்டதும், “முடக்கு வருது, ஒதுங்குங்கோ” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு அகராதியில் இல்லாத ஒரு பொருள் கிடைத்தது.

ஜூன் 20

எழுதியே விடுகிறேன். அப்பா இறந்தபோது நான் நாக்பூரில். ரயில் ஏறிவிட்டேன், வைத்திருங்கள் என்று போன் செய்தேன். மூத்த மகன் நான். கொள்ளி வைத்தது அஜேஷ். மழை கனக்கும், இனி வைக்க முடியாது என்றானாம். மறுநாள் வந்தேன், முற்றத்தில் கால் வைக்கவில்லை, அப்படியே திரும்பினேன்.

வேலையை விட்டு ஊரோடு வந்தபோது என் பங்கில், முடக்கு மூலையில், தென்னை வளர்ந்து நின்றது. எரித்த இடத்தில் தென்னை வைப்பதுதானே எங்கள் வழக்கம்? யாரும் காட்டித்தர வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும், எங்கள் கர்க்கடக வாவுக்கு, அதன் அடியில் விளக்கு வைக்கிறேன். எனக்குக் கிடைத்த அப்பா அவ்வளவுதான். அதையும் கேட்கிறார்கள்.

ஜூன் 21

தரமாட்டேன்.

ஜூலை 6

பெருங்கடவிளையிலிருந்து அக்கா விமலகுமாரி வந்திருந்தாள். முதலில் அஜேஷின் வீட்டுக்குத்தான் போனாள், வழக்கம்போல. திரும்பி வந்து ரோட்டுக் கதையைத் தொடங்கினாள். அப்பா மேல் வண்டி ஓட்டச் சொல்லுகிறாயா என்று கேட்டேன். கொஞ்சநேரம் முந்தானையைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

“எலே, அப்பாவ அங்க வச்சு எரிக்கல்ல. மழையாக்கும் அண்ணைக்கு. தெக்க, மாட்டுத் தொழுத்துப் பக்கம், தகரம் போட்டாக்கும் எரிச்சது. இப்பம் அது அஜேஷுக்க பங்கு.”

அப்படியானால் இந்தத் தென்னை?

“அது எவனோ போட்ட தேங்கா. தானா மொளைச்சது.”

ஏன் ஒருத்தரும் சொல்லவில்லை என்று கத்தினேன். லேகா அடுக்களையிலிருந்து ஓடிவந்தாள். முதலில் நீ யாரையும் பேசவிடவில்லை, பிறகு ரோடு வந்துவிட்டது என்றாள் அக்கா. போன மாதம் அவளே சொல்லப்போனாளாம். அஜேஷ் விடவில்லை.

“‘ரோட்டுக்காவச் சொல்லியதாத்தான் அண்ணன் நெனைப்பாரு. அப்பா அங்க உண்டுன்னு தோணுனா, இருந்துட்டுப் போவட்டு’ன்னான்.”

ஜூலை 7

அக்கா பொய் சொல்லியிருந்தால்? இல்லை, அவளுக்குப் பொய் வராது. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எவனோ போட்ட தேங்காய்க்கு இத்தனை வருடம் விளக்கு வைத்திருக்கிறேன். அஜேஷ் அந்த வழியாகத்தான் தினமும் போகிறான். பார்த்திருக்கிறான். ஒருமுறைகூடச் சிரிக்கவில்லையே. பாவி, சிரிச்சிருந்தா எனக்கு வெறுக்கவாவது எளுப்பமா இருந்திருக்கும்.

ஜூலை 11

லிஷாவைக் கூப்பிட்டு எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அப்பாவின் தென்னை என்றீர்களே என்றாள். வெறும் தென்னை என்றேன். தம்பியை மன்னித்துவிட்டேன் என்று யாரும் கதை கட்ட வேண்டாம். எனக்காகக் காத்திருந்திருக்கலாம். அந்தக் கோபம் அப்படியேதான் இருக்கிறது.

ஜூலை 24

வாவு. லேகா திரியும் எண்ணெயும் எடுத்துத் தந்தாள், எங்கே என்று கேட்கவில்லை.

நல்ல மழை. அஜேஷின் நடையில் நின்றேன். பிந்து நாற்காலியில் இருந்தாள். அவள்தான் முதலில் பார்த்தாள். அவன் எழுந்து, என் கையிலிருந்த விளக்கைப் பார்த்தான், பிறகு என் காலை.

“செருப்ப அங்க விடாண்டாம். தெக்க வழுக்கும்.”

இத்தனை வருடத்துக்கும் சேர்த்து அவ்வளவுதான். தெற்கே, தொழுத்து நின்ற இடத்தில், ஒரு தென்னை, என்னுடையதைவிட உயரம். அடியில் கரி பிடித்த செங்கல். ஈரத்தில் தீப்பெட்டி பற்றவில்லை. பின்னாலிருந்து அவன் லைட்டரை நீட்டினான்.

செப்டம்பர் 18

மூலைத் தென்னை போய்விட்டது. ரோடு போட்டாயிற்று. மதில் இன்னும் பாதிதான். சொன்னால் நடக்கும் பஞ்சாயத்தா இது.

காலையில் பாலியேட்டிவ் வண்டி வந்தது. பழக்கத்தில் முடக்கு இருந்த இடத்தில் ஹாரன் அடித்தது. நானும் பழக்கத்தில் ஜன்னலுக்குப் போனேன். கீழே யாரும் நாற்காலியை இறக்கி வைத்திருக்கவில்லை. வண்டி நேராக அஜேஷின் நடைவரை போயிற்று.