கிழங்கின் மேல் போட்ட பழி

என் உயிரான அண்ணனுக்கு,

கோபப்படாமல் கேள். உன் மனைவியைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

ஜப்பான்காரன் நம் ஊரைப் பிடித்து ஆண்ட காலத்தில், பண்டார் ஹிலிர் காவல் சாவடியில் நின்ற சிப்பாயை நீ குனிந்து வணங்க மறந்தாய். துப்பாக்கிக் கட்டையால் உன் தலையில் அடித்தான். இரண்டு வாரத்தில் காயம் ஆறியது. நம் காஜா பெராங் வீட்டில் எல்லோரும் நிம்மதியானோம். ஐந்தாறு மாதம் கழித்து உனக்கு வலிப்பு வந்தது.

ஆறிய காயத்தை யார் நினைப்பார்கள்? அரிசி கிடைக்காத காலம், தினமும் மரவள்ளிக்கிழங்கு. சரியாக வேகாவிட்டால் விஷம் என்று ஊருக்கே தெரியும். சமைத்தது அண்ணி. எனக்கு அது போதுமாக இருந்தது.

அதே சட்டியில் அவரும் சாப்பிட்டார். நடிப்பு என்றேன். சமையலை நான் பிடுங்கிக்கொண்ட பிறகும் வலிப்பு வந்தது. எனக்குத் தெரியாமல் ஊட்டுகிறார் என்றேன். என்னிடம் எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது, அண்ணா.

வலிப்பிலேயே நீ போனாய்; உன்னைத் தூக்கிய நாளில், வாய்க்கரிசி போட வந்த அண்ணியின் கையைத் தட்டிவிட்டேன். எங்கோ கெஞ்சி வாங்கிய ஒரு பிடி அரிசி தரையில் சிதறியது. "கிழங்குல வச்சுக் கொன்னுட்டு இப்ப அழுவுறியா?" என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன்.

இத்தனை வருடம் கழித்து, போன வாரம் குளியலறையில் வழுக்கி விழுந்தேன். தலையைப் படம் எடுத்த டாக்டர், குடும்பத்தில் யாருக்காவது வலிப்பு உண்டா என்று கேட்டார். உன் கதையைச் சொன்னேன்.

"அடிபட்ட இடத்துக்கு மூளையில உள்ள கிளியல் செல்லுங்க ஓடி வரும்மா. செத்ததைச் சுத்தம் பண்ணும், சுத்தி வேலி கட்டும். மத்த இடத்தைக் காப்பாத்தத்தான். ஆனா அந்தத் தழும்பாலயே பல மாசம் கழிச்சு வலிப்பு வரலாம்."

"கிழங்கா இருக்காதா?"

"கிழங்கு விஷம்னா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். சாப்பிட்ட மத்தவங்களுக்கும் வந்திருக்கும்."

பார்க்காத நோயாளியைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் சொன்னார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு மூன்று நாள் ஓட்டினேன். டாக்டர் அண்ணிக்குச் சொந்தமோ என்றுகூட நர்ஸிடம் விசாரித்தேன். சிரிக்காதே.

காக்க வந்ததே கெடுத்தது உன் தலைக்குள் மட்டுமா? உன் கடைசி மாதங்களில் அண்ணியை உன் பக்கத்தில் நான் உட்காரவிடவில்லையே. நீ அவரைத் தேடினாயா?

அண்ணி புக்கிட் ரம்பாயில் தனியாக இருக்கிறார். அன்று உன்னைச் சுற்றி நின்றவர்களில் எங்கள் இருவரைத் தவிர யாரும் இப்போது இல்லை. ஊரறியப் போட்ட பழியை யார் முன்னால் திரும்ப எடுப்பது? அதனால்தான் எல்லோரும் படிக்கப் பத்திரிகையில் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை போகிறேன். கதவைத் திறக்காவிட்டாலும் வெளியே நின்று, தெருவுக்கே கேட்கும்படி சொல்வேன்: "நீங்க கொல்லல அண்ணி. அண்ணன் சாகுற வரைக்கும் உங்களைப் பக்கத்துல விடாதவ நான்தான்." இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் பக்கம் நின்றதாகவே நினைத்திருந்த
உன் தங்கை