மருமகனுக்கு வைத்த குறிஞ்சாச் சுண்டல்

மாமி, என் விரல்களில் இன்னும் குறிஞ்சா இலையின் வாசம் இருக்கிறது. சவுக்காரம் போட்டுக் கழுவியும் போகவில்லை. கடையில் புடவை விரித்துக் காட்டும்போது வாடிக்கையாளர் மூக்கைச் சுளிப்பார்களோ என்றுகூட யோசித்தேன். இலை அரிந்த கையோடு உங்களுக்கு எழுத உட்காரக் காரணம் ஒரு செருப்பு.

போன வியாழக்கிழமை அஸர் தொழுதுவிட்டு வீட்டுக்கு வந்தேன். குழாயடியில் நஸீராவின் செருப்பு ஒன்று கிடந்தது. ஒன்று மட்டும். மற்றதை எங்கே விட்டாள் என்று குசினிக்குள் எட்டிப் பார்த்தால், அது அவள் காலிலேயே இருந்தது. மறுகால் வெறுங்கால், அதில் ஈர மண் ஒட்டியிருந்தது. உங்கள் மகள் அப்படியே நின்றபடி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

“செருப்பு எங்க புள்ள?” என்று கேட்டேன்.

குனிந்து பார்த்தாள். “ஓ, கழண்டு போச்சா? நான் பாக்கல்லயே,” என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதே குழாயடியில் உங்கள் செருப்பும் ஒருநாள் இப்படித்தான் கிடந்தது. நீங்களும் இப்படித்தான் சிரித்தீர்கள். அன்றைக்கு வீட்டில் இருந்த எல்லோருமே சேர்ந்து சிரித்தோம், கிழடு தட்டிவிட்டது என்று உங்களைப் பகிடி பண்ணினோம்.

நான் பயந்த ஆள் என்பது உங்களுக்குத் தெரியாததா? கடல் கொஞ்சம் கூடுதலாக இரைந்தால் எழும்பிப் போய் வாசலில் நிற்கிறவன். “மருமகன் பயந்தவர், பாவம்” என்று நீங்கள் கதவுக்குப் பின்னாலிருந்து நஸீராவிடம் சொன்னது எனக்கும் கேட்டது. அந்தப் பயங்களெல்லாம் விடிந்தால் போய்விடும். இது விடிந்த பிறகும் அப்படியே இருக்கிறது.

உங்களை நான் முதலில் அறிந்தது ஒரு குரலாகத்தான். நம் ஊர் வழக்கப்படி மாப்பிள்ளையாகி உங்கள் வீட்டுக்குக் குடிவந்தேன். மருமகனின் முகத்துக்கு முன்னால் மாமியார் வந்து நிற்பதில்லை என்ற பழைய மரியாதையை, மற்ற வீடுகள் விட்ட பிறகும், நீங்கள் விடவில்லை. குசினிக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, “மகள், மருமகனுக்கு இன்னும் கொஞ்சம் ஆணம் விடுங்க, வெறுஞ்சோத்தத் திங்கிறார்,” என்பீர்கள். வெறுஞ்சோறாம்! கட்டித் தேங்காய்ப் பால் விட்ட கோழி ஆணத்தில் என் சோறு மிதந்துகொண்டிருக்கும். கத்தரிக்காயை எண்ணெயில் பொரித்து, அதற்கும் மேலே பால் விட்டுக் காய்ச்சுவீர்கள். உருளைக்கிழங்கும் பொரியல், இறாலும் பொரியல். மாப்பிள்ளைக்கு இலையும் தழையும் வைத்த வீடு என்று யாரும் வாய் திறந்துவிடக் கூடாது. நானும் வஞ்சகமில்லாமல் சாப்பிட்டேன். கல்யாணச் சட்டைக்குப் பொத்தான் பூட்ட முடியாமல் போனபோது உங்களுக்குத்தான் பெருமை.

ராச் சாப்பாடு எல்லோருக்கும் ஒரே சகனில் என்பது உங்கள் சட்டம். விருந்துக்கு எடுக்கிற அந்தப் பெரிய தட்டத்தை நீங்கள் அன்றாடம் எடுத்தீர்கள். சோற்றைக் குவித்து, கறிகளை நடுவில் வைத்து அனுப்புவீர்கள். மாமாவும் நானும் பிள்ளைகளும் சுற்றியிருந்து ஒரே தட்டத்தில் கை வைப்போம். சமைத்த நீங்கள் மட்டும் அதில் இல்லை.

பிறகு உங்களுக்குச் சீனி வருத்தம் வந்தது. கிளினிக்கில் சோற்றைக் குறை, பாலைக் குறை, இலைவகை சாப்பிடு என்றார்கள். நீங்கள் கெட்டிக்காரி, உடனே ஒரு சின்ன மண்சட்டியை எடுத்து அடுப்பு மூலையில் வைத்தீர்கள். விளிம்பில் ஓரிடம் உடைந்த சட்டி. அதில் உங்களுக்கு மட்டும் சீனிக்கு நல்லதென்று கசக்கிற குறிஞ்சாச் சுண்டல், சில நாள் பாகற்காய், சில நாள் முருங்கையிலை. எங்களுக்கு வழக்கம்போல் பெரிய சட்டியில் பால் கறி. வருத்தக்காரியின் சாப்பாட்டை மருமகனுக்கு முன்னால் வைக்கலாமா?

நாங்கள் எழும்பிய பிறகு நீங்கள் தனியே உட்கார்ந்து உங்கள் சட்டியைத் தின்று முடிப்பீர்கள். முடித்த கையோடு எங்கள் சகனை இழுத்து வைத்துக்கொள்வீர்கள். “சோறு மிஞ்சக் கூடாது புள்ள, அல்லாஹ்ட பறக்கத்து கடைசிப் பிடியிலதான் இரிக்கி,” என்று சொல்லி, ஆணம் ஊறிய அந்த அடிச்சோற்றையும் வழித்துத் தின்பீர்கள். ஆக, இலையும் உள்ளே போனது, பாலும் உள்ளே போனது. சீனி ஏன் இறங்கவில்லை என்று டொக்டர் அதட்டியபோது, “நான் ஒவ்வொரு நாளும் குறிஞ்சா திங்கிற டொக்டர், ஊட்டில கேட்டுப் பாருங்க,” என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னீர்களாம். நஸீரா வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

செருப்புக் கழன்றது அதற்குப் பிறகுதான். குதிக்காலில் ஏதோ கிழித்தது உங்களுக்குத் தெரியவில்லை. வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. தெரிந்தபோது காய்ச்சல் ஏறிவிட்டது. முதலில் விரல்கள், பிறகு பாதம் என்று எடுத்தார்கள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒளிந்துகொள்ளக் கதவு இல்லை. அன்றுதான் நீங்கள் என்னிடம் நேருக்கு நேர் கதைத்தீர்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். “மருமகன், நான் எனக்கெண்டு தனிச் சட்டி வெச்சதுதான் பிழ. தனியா இருந்து திண்டா ஒண்டும் இறங்குதில்ல. உங்களுக்கும் அதயே வெச்சிரிந்தா நானும் உங்களோட சேத்துத் திண்டிருப்பன்,” என்றீர்கள். நான் “ஓம் மாமி” என்றேன்.

நீங்கள் அடங்கியிருக்கிற கப்ரை அல்லாஹ் வெளிச்சமாக்கி வைக்கட்டும். அந்தப் பேச்சை நான் மறந்திருந்தேன் என்று நினைக்க வேண்டாம். அது என்னோடுதான் இருந்தது, எடுக்கும் நாள் வந்துவிடக் கூடாது என்றுதான் பயந்துகொண்டிருந்தேன்.

உங்கள் பேத்தி நுஹாவுக்கு நிக்காஹ் முடிந்துவிட்டது. மாப்பிள்ளை இர்பான், பாலமுனைப் பிள்ளை, நல்லவர். முன்வீட்டை மகளுக்குக் கொடுத்துவிட்டு நஸீராவும் நானும் பின்னறைக்கு வந்துவிட்டோம். நீங்கள் எங்களுக்கு வீட்டைத் தந்துவிட்டு வந்து படுத்த அதே அறை, அதே யன்னல். செருப்பைக் கண்ட அன்று அடுப்பு மூலையைப் பார்த்தேன். விளிம்பு உடைந்த உங்கள் சட்டி அங்கே இருந்தது. உள்ளே ஒரு பிடி குறிஞ்சாச் சுண்டல். பக்கத்தில் பெரிய சட்டியில் மருமகன் இர்பானுக்குக் கோழி கொதித்துக்கொண்டிருந்தது. அரிசி வாளியின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

“எப்பயிருந்து இது?” என்று கேட்டேன்.

“சின்னச் சீனிதான். உங்களுக்குச் சொன்னா நீங்க பயந்து விழுவீங்க,” என்றாள்.

மறுநாள் காலையில் அவளை டொக்டரிடம் கூட்டிப் போனேன். அவர் நஸீராவைக் கண்ணை மூடச் சொல்லி, மீன் தூண்டில் நரம்பு போன்ற ஒன்றால் பாதத்தில் தொட்டார். தொடுவது தெரிந்தால் ஓம் சொல்ல வேண்டும். பெருவிரலின் அடியில் தொட்டார், நடுவில் தொட்டார், குதிக்காலில் அந்த நரம்பு வளையும்படி அழுத்தினார். நான் பக்கத்தில் நின்று ஒவ்வொரு தடவையும் மனதுக்குள் ஓம், ஓம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் வாய் திறக்கவில்லை. கடைசியில், கண்ணை மூடியபடியே, “டொக்டர், எப்பத் தொடங்குவீங்க?” என்று கேட்டாள்.

போன உணர்வு திரும்புமென்று சொல்ல முடியாது, சீனியை அடக்கினால் இருக்கிறதைக் காப்பாற்றலாம் என்றார் டொக்டர். உள்ளங்காலை ஒவ்வொரு நாளும் யாராவது பார்க்க வேண்டும் என்றார். திரும்பி வரும்போது த்ரீவீலில் நஸீரா கதைத்தது ஒன்றே ஒன்றுதான். “மருமகனுக்குத் தெரிய வேணாம். அவங்கட ஊட்டில, வருத்தக்காரி ஊட்டில பொண் எடுத்திட்டோம் எண்டு கதைப்பாங்க. என்ட புள்ளட வாழ்க்க.” எனக்கு அவள் காலை நினைத்துப் பயம், அவளுக்கு மகளை நினைத்துப் பயம். இரண்டு பயமும் ஒரே த்ரீவீலில் வந்தன.

அன்று பின்னேரம் கடையை நேரத்தோடு பூட்டிவிட்டுச் சந்தைக்குப் போனேன். காரைதீவிலிருந்து வந்து இலை விற்கிற அம்மாவிடம் பெரிய கட்டாகக் குறிஞ்சா வாங்கினேன். “ஆருக்குச் சீனி, தம்பி?” என்று கேட்டார். ஆருக்குமில்லை, வீட்டுக்கு என்றேன். கரைவலையில் பட்ட சூடை மீனும் பயற்றங்காயும் வாங்கிக்கொண்டு வந்தேன். சின்னச் சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பெரிய சட்டியை அடுப்பில் ஏற்றியபோது நஸீரா என்னைப் பார்த்த பார்வையைச் சொல்ல மாட்டேன்.

“மருமகனுக்கு முன்னால இலய வைக்கப் போறீங்களா? உங்களுக்கு மூள பிசகிட்டா?”

“பிசகிட்டு,” என்று சொல்லிவிட்டுத் தேங்காய் துருவ உட்கார்ந்தேன்.

கதவுக்குப் பின்னாலிருந்து நீங்கள் நஸீராவுக்குச் சொன்னதெல்லாம் என் காதில்தான் தங்கியிருக்கிறது, மாமி. நூல் போல அரிஞ்சா கசப்புத் தெரியாது. தேங்காய்ப்பூவும் வெங்காயமும் பச்சக் கொச்சிக்காயும் மாசிக் கருவாடும் முதல்ல சூடேறட்டும், இல கடைசியில. மூடி போடாதீங்க, கறுத்துப் போகும். இறக்கின மறுகாதான் தேசிக்காய் புழியணும். எல்லாம் அப்படியே செய்தேன். நஸீரா கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். பிறகு என் கையிலிருந்து கத்தியைப் பறித்து, “இப்படியா அரியிற?” என்று மிச்சத்தை அவளே அரிந்தாள். சூடை மீனில் பால் விடாமல் புளியாணம் வைத்தாள். பயற்றங்காயை மஞ்சளும் மிளகும் போட்டு அவித்தாள். கோழி இல்லை, பொரியல் இல்லை. சிவப்பரிசிச் சோறு, அதுவும் வழக்கத்தைவிடக் குறைவு.

மஃரிப் தொழுகைக்குப் பிறகு சகனை வைத்தோம். நுஹாவும் இர்பானும் நானும் உட்கார்ந்தோம். நஸீரா, உங்கள் மகளேதான், குசினிக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். கோழி இருக்க வேண்டிய நடுவிடத்தில் பச்சையாய்க் குறிஞ்சாச் சுண்டல். மருமகன் சகனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நுஹா என்னை முறைத்தாள்.

“மருமகன்,” என்றேன். “உங்கட மாமிக்குச் சீனி. காலில உணர்வு இல்ல. அவ திங்க வேண்டியதத்தான் இனி இந்த ஊட்டில எல்லாரும் திங்கிற.”

கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் நின்றுவிட்டது. நுஹா “உம்மாக்கா?” என்று கதவுப் பக்கம் திரும்பினாள். இர்பான் ஒரு பிடி எடுத்து வாயில் வைத்தார். முகம் கோணிப்போனது. விழுங்குவாரா துப்புவாரா என்று நான் பார்த்துக்கொண்டு இருந்தேன். அவர் விழுங்கினார். புளியாணத்தைக் கொஞ்சம் விட்டுக் குழைத்து இன்னொரு பிடி எடுத்தார்.

“கசக்கிதான் மாமா. புளியாணத்தோட போகுது,” என்றார். “நாளைக்கும் இதுதானா?”

“ஓம்.”

“அப்ப மாமியும் வந்து இரிக்கட்டும். சமச்ச ஆளு கதவுக்குப் பின்னால தப்பிக்கிறது ஞாயமில்லயே.”

நஸீரா அன்றைக்கு வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, நுஹாவுக்குப் பின்னால் ஒதுங்கி, சகனின் ஓரத்தில் ஒரு கை வைத்தாள். மருமகனின் பக்கம் திரும்பவே இல்லை. மருமகனும் குனிந்த தலை நிமிராமல் பயற்றங்காயை அவள் பக்கமாகத் தள்ளிவிட்டார். எழும்பும்போது பார்த்தேன், அடியில் வழித்துத் தின்ன எதுவும் மிஞ்சவில்லை. பாலமுனையில் என்ன கதைக்கிறார்கள் என்று இன்னும் தெரியாது. அந்தப் பயமும் ஒரு பக்கம் இருக்கட்டும்.

நஸீராவுக்குக் குதிக்காலில் வார் பூட்டுகிற செருப்பு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். சாப்பாட்டுக்கு முன்னால் அவளைக் கட்டிலில் உட்கார்த்தி, டோர்ச் அடித்து உள்ளங்காலைப் பார்க்கிறேன். இன்றும் பார்த்தேன். கீறல் எதுவும் இல்லை. ஆனாலும் பெருவிரலின் அடியிலிருந்து குதிக்கால் வரை விரலால் மெல்லத் தடவிக்கொண்டே போனேன். பிறகு கொஞ்சம் அழுத்தினேன். அவள் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சுருக்கா, டோர்ச்ச எடுத்துப் பாருங்களன். எல்லாரும் காத்துக்கிட்டு இரிக்காங்க, சோறு ஆறப் போகுது,” என்றாள்.

என் விரல் அப்போதும் அவள் குதிக்காலில்தான் இருந்தது, மாமி.

“பாத்து முடிச்சிட்டன்,” என்றேன். செருப்பை மாட்டி வாரை இழுத்துப் பூட்டிவிட்டேன். அவள் முன்னால் நடந்தாள். அவள் கால்கள் இரண்டையும் பார்த்தபடியே நான் பின்னால் சகனுக்குப் போனேன்.