தலையில் கட்டிகள் உள்ள குடும்பத்தாருக்குக் குடல் பரிசோதனை கோரும் மனு

அனுப்புநர்:
சு. பலவேசம்,
எண்ணெய் தேய்க்கும் தொழிலாளி,
மேலகரம், தென்காசி தாலுகா.

பெறுநர்:
ஜில்லா மெடிக்கல் ஆபீசர் அவர்கள்,
திருநெல்வேலி.

பொருள்: என் மனைவிக்கும் மைத்துனர் மகளுக்கும் மதுரை ஆஸ்பத்திரிக்குச் சிபாரிசுக் கடிதம் மறுக்கப்பட்டது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நானும் என் மனைவியின் தம்பி வல்லிநாயகமும் குற்றாலம் அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துப் பிழைத்தவர்கள். அவர் நெற்றியிலும் தலையிலும் சிறுவயது முதல் நெல்லிக்காய் அளவில் கட்டிகள் உண்டு. ஒட்டிக்கொள்ளும் நோயென்று பயந்து, தேய்த்துக்கொள்ள வந்தவர்களில் சிலர் அடுத்த ஆளிடம் போய்விடுவார்கள். அதனால் எந்நேரமும் தலையில் துண்டு கட்டியிருப்பார்.

2. சென்ற வருஷம் ஆடி மாதம் குளிக்க வந்த சென்னை டாக்டர் ஒருவர் துண்டை அவிழ்க்கச் சொல்லிப் பார்த்தார். தாடை எலும்பையும் தடவிப் பார்த்துவிட்டு, வீட்டில் யாராவது மலத்தில் ரத்தம் போய் இறந்ததுண்டா என்று கேட்டார். "எங்கய்யாவும் பெரியய்யாவும் நாப்பது வயசுக்குள்ள அப்படித்தான் போனாவ. அவ்வொளுக்கும் இந்தக் கட்டி உண்டு" என்றார் வல்லிநாயகம். சில குடும்பங்களில் இக்கட்டிகள் குடல் நோய்க்கு முன்னறிவிப்பு என்றும், உடனே குடலைச் சோதிக்க வேண்டும் என்றும் டாக்டர் கடிதம் எழுதிக் கொடுத்தார்.

3. அதை எங்கள் பக்கத்து அரசு ஆஸ்பத்திரியில் கொடுத்தோம். அங்குள்ள டாக்டர் படித்துச் சிரித்தார். கொழுப்புக் கட்டிக்கும் குடலுக்கும் சம்பந்தமில்லை என்று நெற்றிக் கட்டி ஒன்றை அறுத்து அனுப்பிவிட்டார். முகம் சரியாகிவிட்டதென்று என் மைத்துனர் சந்தோஷமாகவே வீடு திரும்பினார்.

4. பங்குனியில் ரத்தம் போகத் தொடங்கியது. மதுரையில் வயிற்றைத் திறந்து பார்த்தார்கள். குடலுக்குள் நூற்றுக்கணக்கில் சதை முளைத்து, அதில் ஒன்று புற்றாகி ஈரல்வரை பரவியிருந்தது. வைகாசியில் காலமானார். வயது முப்பத்தாறு. உடன்பிறந்தோரையும் பிள்ளைகளையும் சோதிக்க வேண்டும் என்று மதுரை டாக்டர் சீட்டில் எழுதியிருக்கிறார். அதன் நகல் இணைத்துள்ளேன்.

5. என் மனைவி முப்பிடாதியம்மாளுக்குத் தலையில் நான்கு கட்டிகள் உள்ளன. வல்லிநாயகத்தின் மகள் பேராச்சிக்குப் பதின்மூன்று வயது. புருவத்துக்கு மேல் ஒன்று கிளம்பியிருக்கிறது. "நோவு ஒண்ணும் இல்லாம ஆஸ்பத்திரிக்குப் போனா சிரிக்க மாட்டாவளா?" என்று கூசிய மனைவியை நான்தான் வற்புறுத்தி அழைத்துச் சென்றேன். அதே ஆஸ்பத்திரி குமாஸ்தா சீட்டைப் பார்த்துவிட்டு, "பேரு இருக்கிற ஆளே செத்தாச்சு. இனி எதுக்கு வேய் லெட்டரு?" என்று திருப்பிவிட்டார். மூன்று முறை போயாயிற்று. மதுரையிலோ கடிதம் இல்லாமல் படுக்கை தர இயலாது என்கிறார்கள்.

6. யாரையும் தண்டிக்கக் கேட்டு இதை எழுதவில்லை. அன்று சிரித்த டாக்டருக்கும் இந்த நோய் புதிதாக இருந்திருக்கலாம். இப்போது மதுரைச் சீட்டு இருக்கிறது; தெரியாது என்று சொல்ல இடமில்லை.

ஆகவே இருவரையும் மதுரையில் சேர்த்துக் குடலைச் சோதிக்கத் தாங்கள் ஓர் உத்தரவு எழுதித் தர வேண்டுகிறேன். இருவருக்கும் இதுவரை வலியில்லை, ரத்தமும் இல்லை. அப்படி இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும், ஐயா.

மேலகரம்,
9-10-1962.

தங்கள் உண்மையுள்ள,
சு. பலவேசம்

பரிசோதனைக்கு எனக்குச் சம்மதம்:
முப்பிடாதியம்மாள், இடது பெருவிரல் ரேகை