ஒன்பதாம் விதி

முல்லைத்தீவு
06.02.2024

மச்சான் தயாபரனுக்கு,

போன் எடுத்தால் என் தங்கச்சி அழுவாள் என்பதால் எழுதுகிறேன். இதயக் குழாய் மூன்றில் எனக்கு அடைப்பு. அரசாங்க ஆசுபத்திரி வரிசையில் ஒக்டோபர் வரைக்கும் நிற்கவேண்டும். "அதுவரைக்கும் தாங்குமோ தெரியாது ஐயா" என்றார் டாக்குத்தர். கொழும்பில் தனியாரிடம் உடனே செய்யலாம்.

வருட இலாபத்தில் பத்திலொன்றை ஒதுக்கியே ஆகவேண்டும் என்ற விதியால், நம் அரிசி ஆலைக் கம்பனியின் ஒதுக்கு நிதியில் போதிய காசு கிடக்கிறது. அதிலிருந்து தாரும். கம்பனியைப் பதிந்தவன் நான், விதிகளை எழுதியவன் நான், கம்பனியை நடத்தும் பணிப்பாளர் கதிரையில் இருப்பவர் நீர். அந்தக் கணக்கை இன்றைக்குப் பேசவில்லை.

பிரதாபன்


புளியங்குளம்
19.02.2024

அன்புள்ள மச்சானுக்கு,

உம்முடைய கடிதத்தை நிசாந்தினிக்கு வாசித்துக் காட்டினேன். "அண்ணாவுக்கு உடனே குடுங்கோ, யோசிக்காதேங்கோ" என்றாள். இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை.

2016இல் மகன் சுகிர்தனின் கால் உழவு இயந்திரத்தில் அகப்பட்டபோது, இதே நிதியைக் கேட்டு உம் வாசலுக்கு வந்தேன். "ஒன்பதாம் விதி. அந்த நிதியைத் தொட்டால் சட்டப்படி மறியலுக்குள் கிடக்கவேணும்" என்றீர். விதிகள் இங்கிலிசில் இருந்தன, நம்பினோம். வயலை ஈடு வைத்துக் காசு எடுக்க ஐந்து கிழமை போனது. பிள்ளையின் கால் பிறகு நேராகவில்லை.

உமக்குத் தர வழியுண்டோ என்று பார்க்கத்தான் அந்தத் தாள்களை மகள் யதுர்ஷிகாவிடம் கொடுத்தேன். "பங்குதாரர் எல்லாரும் கையெழுத்து வைச்சால் எடுக்கலாமாம் அப்பா. அடுத்த வரியிலயே கிடக்கு" என்றாள்.

தீர்மானத்தாள் இதற்குள் இருக்கிறது. நானும் நிசாந்தினியும் வைத்தாயிற்று. இப்போது பங்குதாரன் என்பதால் சுகிர்தனும் வைத்தான். "மாமாட்டை ஒண்டும் கேளாதேங்கோ அப்பா" என்றான். கேட்கவில்லை. உம்முடைய கையெழுத்து ஒன்றுதான் மிச்சம். உடம்பைப் பாரும்.

தயாபரன்


முல்லைத்தீவு
27.02.2024

மச்சான்,

தாளைத் திருப்பி அனுப்புகிறேன். கையெழுத்து வைக்கவில்லை.

யதுர்ஷிகா சரியாகத்தான் வாசித்திருக்கிறாள். அந்த வரியையும் நானே எழுதினேன். அன்று நீர் வாசலில் நின்று கெஞ்சியபோது, பணிப்பாளர் கெஞ்சுகிறார் என்று உள்ளே ஒரு சந்தோசம். இரண்டு கிழமை அலையவிட்டு, பிறகு வழி கண்டுபிடித்தவன் போல வருவோம் என்றிருந்தேன். அதற்குள் வயலை ஈடு வைக்க ஓடித் திரிகிறீர் என்று கேள்விப்பட்டேன். என்னைத் தாண்டிப் போய்விட்டீர் என்ற கோபத்தில் வாயை மூடிக்கொண்டேன். பிள்ளையின் கால் அப்போது என் நினைப்பிலேயே இல்லை.

நீர் ஒரு வரி ஏசி எழுதியிருந்தால் கையெழுத்து வைத்திருப்பேன். மூன்று பேரும் ஒன்றும் கேளாமல் கையெழுத்து வைத்து அனுப்பியிருக்கிறீர்கள். அதுவும் சுகிர்தனுடையது என்ன வடிவான கையெழுத்து. அதற்குக் கீழே என் பெயரை எழுத எனக்குக் கை வராது.

அரசாங்க வரிசையில் பெயர் பதிந்துவிட்டேன்.

நிசாந்தினி பஸ் ஏறி வரப் பார்ப்பாள். விடாதேயும். அவள் பேனையை நீட்டினால் என்னால் மாட்டேன் என்று சொல்ல முடியாது.

பிரதாபன்