மாருதி வாங்கும் முன்

ஜோதிமணி முதல் ஷிப்டுக்குக் கிளம்புமுன், தூங்கும் கணவன் பரமசிவத்துக்குக் காலண்டர் தாளின் பின்புறம் எழுதினாள்.

"புளிச்சோறு மூடி வச்சிருக்கேன். புரோக்கர் பெங்களூர்லருந்து மாருதியக் கொண்டாந்தா உடனே அட்வான்ஸ் குடுத்துடாதீங்க. கர்நாடகா நம்பர், விலை குறைச்சல்தான். இங்க மாத்துற வரிய யார் கட்டுறதுன்னு கேளுங்க. லிட்டருக்குப் பதினெட்டு ஓடும்பான். நாலு பேரை ஏத்தி மலைக்கோயில் மேட்டுல ஓட்டிப் பாருங்க.

கார் இருந்திருந்தா நம்ம பாப்பா பொழச்சிருக்கும்னு மட்டும் இனிமே சொல்லாதீங்க. அன்னிக்கு எதிர்வீட்டு மேனேஜர் கார் வாசல்லதான் நின்னுச்சு. கேக்கக் கூச்சப்பட்டு நீங்க பஸ்ஸுக்கு நின்னீங்க."

செருப்பு மாட்டியவள் திரும்பி வந்து, அடியில் நெருக்கி எழுதினாள்.

"வாங்குங்க. ஆனா கேக்கக் கூச்சப்பட்டு பஸ் ஸ்டாப்புல யாராவது பிள்ளையத் தூக்கிட்டு நின்னா, நீங்களே நிறுத்தணும்."